நட்டஈடும் பொதுநிதியும்



கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் என்றேனும் ஒருநாள் விடியற்காலையில் நீங்கள் பயணம் செய்திருக்கக்கூடும். இருள் முற்றும் விலகாத அந்நேரத்தில் இருவகைத் தொழிலாளரைச் சாலையோரத்தில் காணலாம். ஒரு சாரார் ஆலைப் பேருந்துக்காகக் காத்து நிற்பவர். சிப்காட் தொழிற்பேட்டைகளில் முதல் ஷிப்டு வேலைக்குச் செல்பவர். மற்றொரு சாரார் துடைப்பமும் தள்ளுவண்டியும் கொண்டு, ஊர் கண்விழிக்குமுன் ஊரைத் துப்புரவு செய்பவர். கருங்கல் ஏற்றி விரைந்து வரும் லாரிகளின் வெளிச்சத்தினிடையே அவர்கள் பணி நடைபெறுகிறது.

இவர்களுள் ஒருவருக்கு வேலையின்போது விபத்து நேர்ந்தால், அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ பணம் கொடுக்க வேண்டியவர் யார்? எவ்வளவு கொடுக்க வேண்டும்? அந்தப் பணம் எவ்விடத்திலிருந்து வரும்? முதல் இரண்டு வினாக்களுக்கும் சட்டம் தெளிவாக விடை கூறுகிறது. மூன்றாம் வினாவே கடினமானது. அதனைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

முற்காலத்தில், விபத்தில் கையிழந்த தொழிலாளி நட்டஈடு பெற வேண்டுமாயின், விபத்துக்குக் காரணம் முதலாளியின் தவறே என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. உடன் வேலை செய்த மற்றொரு தொழிலாளியின் கவனக்குறைவே காரணம் என்று முதலாளி காட்டிவிட்டால், வழக்குத் தோற்றுப்போகும். கை போனவன், கூலியும் போனபின், வழக்கறிஞரைத் தேடிச் செல்வது எங்ஙனம்? இந்நிலையை மாற்றவே, தொழில் நாடுகளில் ஒரு புதிய கொள்கை தோன்றியது. யார் தவறு என்று கேட்க வேண்டா. வேலையின் விளைவாக, வேலையின்போது விபத்து நேர்ந்ததா என்பதை மட்டும் கேட்போம். நேர்ந்திருப்பின் நட்டஈடு கொடுப்பது முதலாளியின் கடமை என்பதே அக்கொள்கை. இரும்பின் விலையும் நிலக்கரியின் விலையும் பொருளின் விலையில் சேர்வதைப்போல, தொழிலாளியின் காயமும் தொழிலின் செலவுகளுள் ஒன்றாகக் கருதப்பட வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

இந்தியாவில் இக்கொள்கையைக் கொண்டுவந்தது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம். அது 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்து, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவியது. 2020இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பழைய சட்டத்தின் அடிப்படை அப்படியே அதில் இடம்பெற்றது. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே செல்லும் வழியில் நேரும் விபத்தும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டால், வேலை விபத்தாகவே கொள்ளப்படும் என்பது புதிதாகச் சேர்ந்த ஒன்று. ஷிப்டுப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடும் ஓசூர்ப் பகுதிக்கு இதன் பயன் பெரிது.

இனித் தொகையைக் கணக்கிடும் முறையைக் காண்போம். தொழிலாளி இறந்துபட்டால், அவருடைய மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, அவர் வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது குறைவாக இருந்தால் அந்த எண் பெரிதாக இருக்கும். ஏனெனில் இளையவர் இன்னும் நெடுங்காலம் உழைத்திருப்பார். 30 வயதுக்குரிய எண் 207.98, 40 வயதுக்குரியது 184.17. மாதம் 15,000 ரூபாய் சம்பளம் பெற்ற 30 வயதுத் தொழிலாளி ஒருவர் இறந்தால், 7,500 ரூபாயை 207.98ஆல் பெருக்கக் கிடைப்பது 15,59,850 ரூபாய். உயிர் போகாமல், இனி எவ்வேலையும் செய்ய இயலாதபடி உடல் கெட்டுவிட்டால், சம்பளத்தில் பாதிக்குப் பதிலாக நூற்றுக்கு அறுபது பங்கு எடுத்துக்கொள்ளப்படும். ஓர் உறுப்பு மட்டும் போனால் அதற்கெனத் தனி அட்டவணை உண்டு. கட்டைவிரல் ஒன்றை இழந்தால், உழைக்கும் ஆற்றலில் நூற்றுக்கு முப்பது பங்கு இழந்ததாகப் பொருள். அதே தொழிலாளியின் கட்டைவிரல் தகடு அழுத்தும் பிரஸ் இயந்திரத்தில் சிக்கித் துண்டானால், அவருக்குரிய தொகை 5,61,546 ரூபாய்.

விரலுக்கு விலை குறிப்பது கொடுமையன்றோ என்று உங்களுள் சிலர் எண்ணலாம். விலை குறிக்காத காலத்தில் அந்த விரலுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அட்டவணை இருப்பதனால், கருணையை நம்பி நிற்க வேண்டியவர் உரிமையோடு கேட்கலாம்.

ஆனால் உரிமை வேறு, பணம் கைக்கு வருவது வேறு. ஓசூரைச் சுற்றிப் பெரிய ஆலைகளும் உண்டு. அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டறைகளும் உண்டு. பெரிய ஆலைக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் ஒரு செலவு. சிறு பட்டறைக்கோ அதுவே அழிவு. ஊர்களின் நிலையும் இத்தகையதே. கிருஷ்ணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. கிருஷ்ணகிரி ஒரு நகராட்சி. பர்கூர், காவேரிப்பட்டணம், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை முதலிய சிற்றூர்களும் தத்தம் தெருவைப் பெருக்க வேண்டும், குடிநீர்க் குழாயைப் பழுதுபார்க்க வேண்டும், விளக்குக் கம்பத்தில் ஆள் ஏற்ற வேண்டும். ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் வைத்தாலும் கடமை நீங்கிவிடாது. தன் பணிக்காக ஒப்பந்தக்காரரிடம் வேலையை ஒப்படைத்தவரிடமே தொழிலாளி நட்டஈடு கேட்கலாம். கொடுத்தவர் பின்னர் அதனை ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது சட்டத்தின் நெறி.

ஒரு சிற்றூருக்கு இது நேர்வது எப்போதோ ஒருமுறை. பல ஆண்டுகள் ஒன்றும் நேராது. நேர்ந்த ஆண்டில் வரவு செலவுத் திட்டமே நிலைகுலைந்துவிடும். எப்போதோ வருவதற்காகப் பணத்தை எடுத்துவைக்க எந்த மன்றத்துக்கும் மனம் வருவதில்லை. சாலையும் சாக்கடையும் இன்றே வேண்டும் என்று மக்கள் கேட்கும்போது, நேராத விபத்துக்காக யார் வாதாடுவார்?

இச்சிக்கலுக்கு மனிதன் கண்ட தீர்வு மிகப் பழமையானது. நம் ஊர்களில் திருமணத்தின்போது மொய் எழுதுவதைப் பார்த்திருக்கிறீர்கள். ஒரு குடும்பத்தால் ஒரே நாளில் தாங்க முடியாத செலவைப் பல குடும்பங்கள் சிறு சிறு தொகையாகத் தாங்கிக்கொள்கின்றன. காப்பீட்டின் கருவும் இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மொய்ப் பணம் நோட்டில் எழுதப்பட்டு, ஒருநாள் திருப்பிச் செய்யப்பட வேண்டியது. காப்பீட்டில் திருப்புதல் இல்லை. விபத்தே காணாத உறுப்பினர், தாம் கொடுத்தது வீணாயிற்று என்று வருந்தாமல், தமக்கு நேரவில்லையே என்று மகிழ வேண்டும்.

இதன் கணக்கைச் சற்று நுணுகிப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக யான் அமைத்துக்கொண்ட கணக்கு. இருபது ஊர்கள் உள்ளன. ஒவ்வோர் ஊரிலும் இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஓர் உயிரிழப்பு நேரும் வாய்ப்பு இருக்கிறது என்று கொள்வோம். தனித்து நிற்கும் ஊர், பத்தொன்பது ஆண்டு எதுவும் கொடாமல் இருந்து, ஓராண்டில் 15,59,850 ரூபாய் கொடுக்க வேண்டிவரலாம். இருபது ஊர்களும் ஒரு பொதுநிதி வைத்தால், ஆண்டுக்குச் சராசரி ஓர் உயிரிழப்பு. ஊர் ஒன்றின் பங்கு ஏறத்தாழ 78,000 ரூபாய். மொத்தச் செலவு ஒரு காசும் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். எதிர்பாராத பெருஞ்செலவு, எதிர்பார்த்த சிறு செலவாக மாறிற்று, அவ்வளவே. அந்த மாற்றமே விதவையின் கைக்குப் பணம் தாமதமின்றிப் போய்ச் சேரும் என்பதற்கு உறுதி.

ஆனால் சராசரி என்னும் சொல் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது. நிகழ்தகவுக் கணிதப்படி, இத்தகைய நூறு ஆண்டுகளில் ஏறத்தாழ 36 ஆண்டுகள் எந்த இறப்பும் இன்றிக் கழியும்; 38 ஆண்டுகளில் ஒன்று நேரும்; 19 ஆண்டுகளில் இரண்டு; 6 ஆண்டுகளில் மூன்று; எஞ்சிய ஓரிரு ஆண்டுகளில் அதற்கும் மேல். ஆகவே விபத்தில்லாத ஆண்டில் மிஞ்சிய பணத்தை எடுத்துச் செலவிட்டுவிட்டால், மூன்று நேரும் ஆண்டில் நிதி கையை விரிக்கும். மிச்சத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்கும் கட்டுப்பாடே பொதுநிதியின் உயிர்நாடி.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. மேற்கண்ட கணக்கு, விபத்துகள் ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே நேரும் என்ற அடிப்படையில் அமைந்தது. 2023 அக்டோபர் 7ஆம் நாள், ஓசூரை அடுத்த மாநில எல்லைக்கு அப்பால், அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு ஒன்று தீப்பற்றி எரிந்தது. பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தீபாவளிக் கால வேலைக்காகத் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து சென்றவர். உங்களைப் போன்ற மாணவரும் இருந்தனர். பதினான்கு உயிர் ஒரே மாலையில் போனால், நாம் மேலே கண்ட கணக்கின்படி நட்டஈடு இரண்டு கோடி ரூபாயைத் தாண்டும். எந்தச் சிறு நிதியும் இதனைத் தாங்காது. இதனால்தான் பொதுநிதிகள், ஓர் எல்லைக்கு மேற்பட்ட இழப்பை ஏற்கும்படி, தம்மினும் பெரிய நிறுவனங்களிடம் மறுகாப்பீடு செய்துகொள்கின்றன. அப்போது இரு மாநில அரசுகளும் இறந்தோர் குடும்பங்களுக்குக் கருணைத்தொகை அறிவித்தன. கருணைத்தொகை வேறு, நட்டஈடு வேறு. முன்னது அரசின் இரக்கம், பின்னது வேலை கொடுத்தவரின் கடமை. ஒன்றைப் பெற்றதனால் மற்றொன்று தீர்ந்துவிடாது. மேலும், விபத்து கருநாடகத்தில் நேர்ந்ததாயினும், இறந்தவரின் குடும்பம் தான் வாழும் பகுதிக்குரிய நட்டஈட்டு ஆணையரிடமே மனுச் செய்யலாம் என்பது சட்டம் தந்த வசதி. எல்லைப் பகுதியில் வாழ்வோர் அனைவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

பொதுநிதி என்னும் எண்ணம் உலகுக்குப் புதிதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1884இல் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. ஒரே தொழிலைச் செய்யும் முதலாளிகள் ஒரு சங்கமாகச் சேர்ந்து, தாமே பணம் போட்டுத் தாமே நட்டஈடு வழங்க வேண்டும் என்று அது விதித்தது. தொழிலாளியிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. அபாயம் மிகுந்த தொழிலுக்குக் கட்டணம் மிகுதி. அடுத்தவன் ஆலையில் நேரும் விபத்துக்குத் தன் பணமும் போவதால், அடுத்தவன் ஆலை பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் அக்கறை ஒவ்வொருவருக்கும் உண்டாயிற்று. அச்சங்கங்கள் பாதுகாப்பு விதிகள் வகுத்தன, ஆய்வாளரை அனுப்பின.

நம் நாட்டில் பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழியே 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. ஈ.எஸ்.ஐ. என்று நாம் வழங்குவது இதனையே. 1952 பிப்ரவரி 24இல் கான்பூரில் இத்திட்டத்தைப் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். 2019 ஜூலையில் அமைந்த விகிதப்படி, நூறு ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி 3 ரூபாய் 25 காசும், தொழிலாளி 75 காசும் செலுத்துகின்றனர். நாடு முழுவதும் சேர்ந்த நிதியாதலால், ஒரு பட்டறை மூடப்பட்டாலும் அதில் காயமுற்றவரின் உரிமை மூடப்படுவதில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு மொத்தத் தொகைக்குப் பதிலாக மாதந்தோறும் உதவி கிடைக்கிறது. இத்திட்டத்தில் சேர்ந்தவர் முதலாளியிடம் தனியே நட்டஈடு கேட்பதில்லை. சேராதவருக்கே நாம் முன்னே கண்ட கணக்குப் பொருந்தும்.

உள்ளாட்சி மன்றங்களே கூடி நிதி அமைத்ததற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தில் உண்டு. 1903இல் சில உள்ளாட்சி மன்றங்கள் தீக் காப்பீட்டுக்காக முனிசிபல் மியூச்சுவல் என்னும் சங்கத்தைத் தொடங்கின. நாளடைவில் அது தொழிலாளர் நட்டஈட்டையும் ஏற்று, நாட்டின் மிகப் பெரும்பாலான மன்றங்களைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. அமெரிக்காவில் 1970-களின் இடையில் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை மிக உயர்த்தியபோது, பல மாநிலங்களில் சிறு நகரங்கள் இவ்வாறே ஒன்றுகூடின. சம்பளப் பட்டியலின் அளவுக்கும், வேலையின் அபாயத்துக்கும், முந்தைய ஆண்டுகளின் விபத்து வரலாற்றுக்கும் ஏற்ப ஒவ்வொரு நகரமும் பங்கு செலுத்துகிறது.

இங்கிலாந்துச் சங்கத்தின் பிற்கால வரலாறோ ஓர் எச்சரிக்கை. இழப்புகள் பெருகவே, 1992இல் அது புதிய காப்பீடு ஏற்பதை நிறுத்திற்று. பணம் போதாமற்போனால், பெற்ற தொகையில் ஒரு பகுதியை உறுப்பினர் திருப்பித் தர வேண்டும் என்று 1994இல் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. 2012இல் அந்நாள் வந்தது. கல்நார்த் தூசியைச் சுவாசித்த தொழிலாளருக்குப் பற்பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் தோன்ற, பழைய காலத்துப் பொறுப்புகள் புதிய கோரிக்கைகளாக எழுந்தன. மன்றங்கள் முதலில் நூற்றுக்குப் பதினைந்தும், 2016இல் இருபத்தைந்தும் திருப்பித் தர நேர்ந்தது. கிருஷ்ணகிரியின் கருங்கல் குவாரிகளை அறிந்தவருக்கு இப்பாடம் எளிதில் விளங்கும். கல் உடைப்போர் நுரையீரலில் படியும் தூசி இன்று காயமாகத் தோன்றாது. பல ஆண்டு கழித்தே நோயாக வெளிப்படும். அந்நோயும் சட்டப்படி நட்டஈட்டுக்கு உரியதே. இன்று விபத்தில்லை என்பதனால் இன்று கடன் இல்லை என்று எண்ணலாகாது.

நம் நாட்டிலும் ஒரு பாடம் கண்முன் உள்ளது. தனியார் வண்டிகள் காப்பீடு செய்தே தீர வேண்டும். ஆனால் உள்ளாட்சி மன்றங்களும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் விபத்து நட்டஈட்டுக்கென ஒரு நிதி அமைத்துக் காத்துவந்தால் அக்கட்டாயத்திலிருந்து அரசு விலக்கு அளிக்கலாம் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. தனக்குத் தானே காப்பீடு என்பது இதுதான். எனினும், நட்டஈட்டுத் தொகை உரிய காலத்தில் செலுத்தப்படாமையால் நீதிமன்ற ஆணைப்படி அரசுப் பேருந்து ஜப்தி செய்யப்பட்ட செய்தியை நீங்கள் நாளேடுகளில் படித்திருப்பீர்கள். பேருந்து நின்றுவிட்டால் பயணிகளுக்கு இடர். பணம் வராவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு இடர். நிதி என்பது பெயரளவில் இருந்தால் போதாது. பெட்டியில் பணமாக இருக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பொதுநிதியால் பகிர்ந்துகொள்ளத் தகாத அபாயமும் உண்டு. கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவது அத்தகையது. உள்ளே இறங்கியவர் நச்சுக் காற்றில் மயங்கி வீழ, அவரைக் காக்க இறங்கியவரும் மாள்வது நாம் அடிக்கடி கேள்விப்படும் கொடுமை. 1993 முதல் இவ்வாறு இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. இதற்கும் ஒரு நிதி வைத்துவிடலாமே என்று எண்ணுவது தவறு. லாரி மோதுவதையும் கம்பத்திலிருந்து தவறி விழுவதையும் எவ்வளவு காத்தாலும் முற்றும் ஒழிக்க இயலாது. அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். மனிதரைத் தொட்டியில் இறக்குவதோ நாம் நினைத்தால் இன்றே ஒழிக்கத் தக்கது, சட்டமும் தடுத்திருக்கிறது. ஒழிக்கத் தக்கதை ஒழிக்காமல் பங்கு போட்டுக்கொண்டால், நிதி கொலைக்குக் கொடுக்கும் முன்பணமாகிவிடும்.

ஆகவே, ஊர்கள் கூடி நிதி அமைப்பதாயின் நான்கு நெறிகள் வேண்டும். தவிர்க்கத் தக்க விபத்தை முதலில் தவிர்க்க வேண்டும். எஞ்சியதை அளவறிந்து பகிர வேண்டும். மிச்சத்தைத் தொடாமல் காக்க வேண்டும். தாங்க முடியாததை மறுகாப்பீட்டில் வைக்க வேண்டும். ஓசூர் மாநகராட்சியும் கெலமங்கலம் போன்ற சிற்றூரும் ஒரே தொகை செலுத்துவது நீதியாகாது. ஆனால் ஓசூரில் தெருப் பெருக்குபவருக்கும் கெலமங்கலத்தில் பெருக்குபவருக்கும் ஒரே விரைவில் பணம் கிடைப்பது நீதியாகும்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் பட்டறை வைப்பீர்கள். சிலர் நகராட்சியில் ஆணையராகவோ உறுப்பினராகவோ அமர்வீர்கள். சிலர் ஆலையில் முதல் ஷிப்டுக்குச் செல்வீர்கள். எந்நிலையில் இருப்பினும் ஒரு கேள்வியைக் கேட்கத் தவறாதீர்கள்: இன்று மாலை ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், அவர் வீட்டுக்கு நாளை பணம் எங்கிருந்து போகும்? இதற்கு உடனே விடை சொல்ல இயலாத இடத்தில், சட்டப் புத்தகம் அலமாரியில் இருக்கும். உரிமை மட்டும் வாசலில் நின்றுகொண்டிருக்கும்.